ஆச்சு என்று சொன்னவர்கள்

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கைபேசியை வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததும் முதலில் அப்பாவைத்தான் அழைப்பேன். உணவுக்கூட வரிசையில் நின்றுகொண்டே, "சாப்ட்டியாபா?" என்பேன். "ஆச்சுபா," என்பார். அவ்வளவுதான் பேச்சு. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

இப்போது அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை. யாராவது என்னிடம் கேட்டால்கூட உள்ளே ஏதோ எரிகிறது. நல்ல மனதோடு கேட்கிறார்கள் என்று தெரிகிறது. தெரிந்தும் எரிகிறது.

வீட்டு நிலைமையைச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். எனக்கு ஒரகடம் பக்கம் வேலை. கம்பெனி பஸ் விடிந்ததும் தெருமுனைக்கு வந்துவிடும். மனைவி ஒரு பட்டுச்சேலைக் கடையில் விற்பனைப் பகுதியில் இருக்கிறாள். முகூர்த்த மாதங்களில் அவளுக்கு உட்காரவே நேரம் கிடைக்காது. ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா இல்லை. ஆக, பகலில் வீட்டில் இருப்பவர் அப்பா ஒருவர்தான். நெசவு செய்தவர். முழங்கால் மடங்காமல் போனபின் தறிக்குழியில் இறங்கி ஏற முடியவில்லை. சர்க்கரை இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஒரு மாத்திரை போட வேண்டும். போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு வழியாக இருந்ததுதான் அந்த மையம். தறிக்கான நூலை நீட்டிப் பாவு ஓட்டும் தெருவுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு கூடம். முதியோர் பகல் மையம் என்று பலகை இருக்கிறது. சிறிய அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. செலவுக்கு அரசு மானியம். காலையில் போனால் பேப்பர், கேரம் போர்டு, எப்போதாவது வந்து இரத்த அழுத்தம் பார்க்கும் ஒரு நர்சம்மா, மதியம் சூடான சாப்பாடு. எங்கள் தெருக்காரர்கள் பாதி, சாலைக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து பாதி. முசரவாக்கத்திலிருந்து ஓர் அம்மா பெண்களுக்கான இலவசப் பேருந்தில் வந்துவிடுவார். வயல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை தொங்கும். வாய்க்குப் பூட்டே கிடையாது. ஆரம்பத்தில் எங்கள் தெரு ஆட்கள் தனி வரிசையாக உட்கார்ந்தார்களாம். சமையல் செய்யும் பெண், இரண்டு வரிசை போட இடமில்லை என்று சொல்லிவிட்டாள். இடம் இருந்தது. ஒரே வரிசையாகிவிட்டது. பிறகு அப்பாவும் முசரவாக்கத்து அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் வம்புக்கு இழுக்காமல் சாப்பிட்ட நாள் கிடையாது என்று ஆயிற்று.

இது எங்களுக்குச் சலுகையாகத் தோன்றியதில்லை. அரசாங்கம் வயதானவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறது, நான் வரி கட்டுகிறேன், சரி என்று இருந்தேன். கூரைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருப்பதுபோல் அது பாட்டுக்கு இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மகளுக்குச் சிறப்பு வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. சைக்கிளில் வீட்டுக்கு வந்தவள், தாத்தா வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். சட்டை முழுக்க வேர்வை. கூப்பிட்டால் அவளை யாரோ போலப் பார்த்தாராம். வாய் குழறி ஏதோ நூல் அறுந்துவிட்டது என்கிறாராம். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து வாயில் சர்க்கரையைப் போட்டு, ஆட்டோ பிடித்து, இருவருமாக அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் கைபேசியைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது மகளின் அழைப்புகள் வரிசையாக நின்றன.

நான் போய்ச் சேர்ந்தபோது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு நினைவு திரும்பியிருந்தது. பணியிலிருந்த டாக்டர், சின்ன வயது, கேட்டார்: "பெரியவரே, மதியம் சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்க," என்றார் அப்பா.

டாக்டர் சர்க்கரை பார்க்கும் கருவியை அவர் முகத்துக்கு நேரே காட்டினார். "இது பொய் சொல்லாது பெரியவரே."

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். காலி வயிற்றில் மாத்திரை போட்டிருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் என்னிடம் கடிந்துகொண்டார். மையத்தில் சாப்பிட்டிருப்பாரே என்று நான் வாதாடினேன். மகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சமையல் செய்யும் பெண் ஒரு தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். "அண்ணா, உங்களுக்குத் தெரியவே தெரியாதா? அங்க அடுப்பு பத்த வெச்சு எவ்ளோ நாளாவுது. மானியம் வரல. மளிகைக்காரரு இனிமே குடுக்க முடியாதுன்னுட்டாரு. நான் வெறுமனே போயி கூட்டிப் பெருக்கிட்டு வந்துக்கினு இருக்கறேன்."

பிறகு என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். வருகிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எழுந்து போகிறார்கள் என்றாள். சிலர் வீட்டுக்குப் போய் ஏதாவது தின்பார்கள். சிலருக்கு வீட்டில் அந்த நேரத்தில் ஒன்றும் இருக்காது. எல்லாரும் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: ஆச்சு.

கோபம் முதலில் அப்பா மேல்தான் வந்தது. தினமும் போனில் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். மாத்திரை போட்ட உடம்போடு. ஆனால் கட்டிலில் கிடப்பவரிடம் என்ன கத்துவது? வீட்டுக்கு வந்தபிறகு மெதுவாகக் கேட்டேன். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். சாப்பாடு நின்றுவிட்டது என்று சொன்னால் என் மனைவி வேலையை விட்டுவிடுவாளாம். கூட்டம் குறைந்தால் மையத்தையே மூடிவிடுவார்களாம். ஆபீசர் எப்போது வந்து தலையை எண்ணுவார் என்று தெரியாதாம். இதெல்லாம் காரணம்தான். ஆனால் கடைசியில் சொன்னதுதான் அசல் காரணம் என்று எனக்குப் பட்டது: "எல்லாரும் உட்காந்துக்கினு இருக்கும்போது நான் மட்டும் எப்படிபா எழுந்து வர்றது?"

நெசவு தெரியாதவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை நெய்ய இரண்டு பேர் வேண்டும். நெய்பவர் நூல் ஓடும் நாடாவை வீசினால், கரைப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் தன் நாடாவைக் கோர்த்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் எழுந்து போனால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்பா வாழ்நாள் முழுக்க அப்படி உட்கார்ந்தவர். பக்கத்து ஆள் எழாமல் இவர் எழமாட்டார். கல்யாணப் பந்தியில்கூட.

அன்றிலிருந்து மனைவி விடியற்காலையில் டப்பா கட்டினாள். உறவினர்கள் எல்லாரும் சொன்ன யோசனைதான் இது: கட்டிக் கொடுத்தால் போயிற்று, இதற்குப் போய் ஏன் அரசாங்கத்தைத் திட்டுகிறாய். அப்பா டப்பாவை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனார். வரிசையில் எல்லார் முன்னாலும் திறந்தார். ஆளுக்கு ஒரு பிடி வைத்தார். தனக்கும் ஒரு பிடி. அடுத்த நாள் பெரிய டப்பா. அதுவும் அப்படியே. வீட்டிலேயே இருந்து சாப்பிடு என்றால், தலையை ஆட்டிவிட்டு, நாங்கள் தெரு திரும்பியதும் கிளம்பிவிடுவார். கோவிலில் அன்னதானம் போடுகிறார்களே என்று ஒருவர் சொன்னார். அந்த வெயிலில், டோக்கன் வரிசையில், அந்த முழங்காலோடு நிற்க முடியுமா என்று சொன்னவர் யோசிக்கவில்லை.

கடைசியில் மகள் தானாகவே ஒரு முடிவு எடுத்தாள். மதிய இடைவேளையில் பள்ளியிலிருந்து சைக்கிளில் மையத்துக்கு வந்து, தாத்தா எதிரில் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காவல் இருந்தாள். அவர் டப்பாவிலிருந்து ஒரு பருக்கை வெளியே போனால் சண்டை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர் எப்படி விழுங்குவார்? இழுத்து இழுத்துச் சாப்பிடுவார். அவள் திரும்பிப் போகும்போது பிற்பகல் முதல் வகுப்பு முடிந்திருக்கும். அது கணக்கு வகுப்பு. வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு, பொதுத்தேர்வு வருடத்தில் இது என்ன விளையாட்டு என்று கேட்டார். நான் மகளிடம் போகாதே என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன், யாரை அனுப்புவது என்று தெரியாமலே.

"தாத்தா ஆச்சுன்னு சொன்னா எனக்கு நம்பிக்கை இல்லப்பா," என்றாள். "நான் பார்க்கணும். அன்னிக்கு நீங்க பார்க்கல. நான் பார்த்தேன்."

அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பசுக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருப்பதை ஒருநாள் பார்த்தேன். மூடி வைத்துவிட்டேன்.

ஆக, விஷயம் எளிது. அந்த அடுப்பு எரிந்தால் அப்பா சாப்பிடுவார், மகள் வகுப்பில் இருப்பாள். எரியாவிட்டால் இரண்டும் இல்லை. நான் விடுப்புப் போட்டு, மானியம் கொடுக்கும் அரசு அலுவலகத்துக்கு அலைந்தேன்.

அங்கே யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. அதுதான் கஷ்டம். உட்காரச் சொன்னார்கள். முதல் தவணைக்குச் செலவு செய்த சான்று வந்தால்தான் அடுத்த தவணை என்றார்கள். சான்று வந்துவிட்டது, ஆனால் ஆண்டு மாறிவிட்டதால் புதிதாகக் கருத்துரு அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்பியாயிற்று, ஆனால் நிதி ஒதுக்கீடு மேலிருந்து வரவேண்டும் என்றார்கள். மேலே என்று அவர் கையைத் தூக்கிக் காட்டியபோது மின்விசிறிதான் இருந்தது. ஒரு மேசையில் இருந்தவர் என் விவரம் கேட்டுவிட்டு, "பெரியவருக்குத்தான் நீங்க இருக்கீங்களே சார்," என்றார். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயில் கேட்டுவிட்டேன். பிள்ளை இருப்பது ஒரு நோய் போல என் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. முதியோர் உதவித்தொகைக்கும் இதையேதான் சொன்னார்கள். பிள்ளை இருக்கிறான். ஆமாம், இருக்கிறான், மதியம் எங்கே இருக்கிறான்?

ஆனால் அலைந்ததற்கு ஒரு பலன் கிடைத்தது. நேரில் பார்த்து அறிக்கை கொடுத்தால், நிலுவையில் இருப்பதை அவசரமாக விடுவிக்கக் கேட்கலாம் என்றார்கள். ஒரு பெண் அதிகாரி, முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார், தானே வருவதாகச் சொன்னார். நாளும் சொன்னார். நான் அப்பாவிடம், எல்லாரிடமும் உள்ளது உள்ளபடி சொல்லச் சொல் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

அன்று எனக்குப் பர்மிஷன் கிடைக்கத் தாமதம் ஆயிற்று. ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, மையத்துக்குள் நுழைந்தேன். வாசலில் பெரிய கோலம். தரை கழுவி ஈரம் காயவில்லை. சமையல் பெண் பாத்திரங்களை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். இப்போதுதான் பந்தி முடிந்து கழுவிவைத்த மாதிரியே இருந்தது. அப்பா வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். எல்லாருமே நல்ல துணியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கையில் டீ. அதைக் கடையிலிருந்து வரவழைத்தது முசரவாக்கத்து அம்மா என்று பிறகு தெரிந்தது.

அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார், ஆட்களை எண்ணினார், கூரையைப் படம் எடுத்தார். பிறகு வரிசைக்கு முன்னால் வந்து, நம் ஊரில் யாரும் யாரையும் கேட்பதுபோல, சிரித்த முகத்தோடு கேட்டார்: "என்னம்மா, எல்லாரும் சாப்ட்டாச்சா?"

"ஆச்சுங்கம்மா," என்றார் முசரவாக்கத்து அம்மா. "நீங்க சாப்ட்டீங்களா? இந்த வெயில்ல வந்துகினீங்களே."

அதிகாரி பக்கத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தார். "நீங்க பெரியவரே?"

அப்பா முசரவாக்கத்து அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆச்சுங்க."

அதற்கப்புறம் அது வரிசையில் கைமாறிக்கொண்டே போயிற்று. ஆச்சுங்க. ஆச்சும்மா. ஆச்சு.

"மேடம், இங்க அடுப்பே எரியறதில்ல," என்றேன் வாசலில் நின்றபடி.

அவர் திரும்பி நான் யார் என்று கேட்டார். சொன்னேன். வேலைக்குப் போகிறேனா என்றார். போகிறேன் என்றேன். "அவங்களே சாப்ட்டோம்னு சொல்றாங்களே சார்," என்றார், குற்றமாக அல்ல, குழப்பத்தோடு.

நான் சமையற்கட்டைப் பார்க்கச் சொல்வதற்குள் அப்பா குறுக்கே வந்துவிட்டார். "டேய், சும்மா இரு. வந்தவங்களை நிக்க வெச்சிக்கினு என்ன பேச்சு?"

ஐம்பதை நெருங்கும் ஆள் நான். அத்தனை பேர் முன்னிலையில் வாயை மூடிக்கொண்டேன். அதிகாரிக்கு அடுத்த ஊரில் இன்னொரு ஆய்வு இருந்தது. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஜீப் திரும்பியதும் சமையற்கட்டிலிருந்து ஒரு தட்டு தரையில் உருண்டு வந்தது.

"ஆச்சாமே," என்றாள் சமையல் பெண், இடுப்பில் கைவைத்துக்கொண்டு. "எந்த ஓட்டல்ல ஆச்சு?"

நான் முசரவாக்கத்து அம்மாவிடம்தான் போனேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்திருக்கும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, சின்ன வயசுல களத்து ஓரமா நின்னு, பசிக்குது சாமின்னு கேட்டு வாங்கிக்கினு வந்தவ நானு. கெவுருமெண்டு ஆளு கிட்டயும் போயி அதையே சொல்லணுமா? மானியம் அனுப்பலன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

சரியான கேள்விதான். எங்களைக் கவிழ்த்ததும் அதுதான்.

வீட்டில் அப்பாவிடம் அந்த அளவு பொறுமை எனக்கு இருக்கவில்லை. உன் பேத்தி படிப்பைக் கெடுத்துக்கொண்டு ஓடிவருகிறாளே, ஒரு வார்த்தை, இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா என்று கத்தினேன். மனைவி கதவைச் சாத்தினாள். அப்பா சொன்னார், அந்த அம்மா ஆச்சு என்று சொல்லிவிட்டபிறகு இவர் இல்லை என்றால், அந்த அம்மாவைப் பொய்க்காரி ஆக்கினதாகிவிடுமாம். மறுபடியும் கோர்வைதான். அந்தப் பக்கம் நாடா எந்த நிறத்தில் வந்ததோ அதோடு இவரும் கோர்த்துவிட்டார்.

அறிக்கை போயிற்று. சில வாரங்கள் கழித்து அறக்கட்டளைக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நிதி விடுவிக்கப்படாத காலத்திலும் உணவு அருந்தியதாகப் பயனாளிகள் தெரிவித்துள்ளதால், அந்த உணவு எந்த நிதியிலிருந்து வழங்கப்பட்டது என்று தெரிவிக்க வேண்டுமாம். அறக்கட்டளைச் செயலாளர் அதை என்னிடம் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. சாப்பிடாத சோற்றுக்குக் கணக்கு எப்படி எழுதுவது? பட்டினி கிடந்தார்கள் என்று எழுதினால், பயனாளிகளின் வாக்குமூலத்துக்கு முரண். கொடுத்தோம் என்று எழுதினால், பிறகு மானியம் எதற்கு?

எங்கோ நல்ல நோக்கத்தோடு ஒரு திட்டம் எழுதியிருக்கிறார்கள். வயதானவர்களுக்குச் சத்தான உணவு, துணை, கவனிப்பு. காகிதத்தில் படித்தால் கண் கலங்கும். அந்தக் காகிதத்துக்கும் எங்கள் தகரக் கூரைக்கும் நடுவில் இருப்பவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லாருமே அவரவர் மேசைக்கு வந்ததைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். வயிறு மட்டும் தவணைக்குக் காத்திருக்கத் தெரியாமல் இருக்கிறது.

கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாளில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். வேனுக்கு நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஏற்பாடு செய்தோம். அலுவலகப் பந்தலின் கீழ் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது மகள் தாத்தாவின் மாத்திரையை என் சட்டைப் பையில் போட்டு, சோறு கையில் வந்தபிறகுதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மனைவி கட்டிய டப்பா வேனிலேயே இருந்தது. அதை இங்கே திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

வெயில் உச்சிக்கு வந்த நேரம். அந்த அதிகாரி கோப்புகளோடு பந்தலைக் கடந்து போனவர், அப்பாவைப் பார்த்து நின்றார். அடையாளம் தெரிந்துவிட்டது. உண்மையான சந்தோஷத்தோடுதான் பக்கத்தில் வந்தார்.

"என்ன பெரியவரே, இங்க வந்து உட்கார்ந்துட்டீங்க? சாப்ட்டாச்சா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்றே சொல்ல வேண்டும். அப்பா வழக்கம்போலப் பக்கத்தில் திரும்பினார். முசரவாக்கத்து அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "என்னை ஏன் பாக்கற? அவங்க உன்னைத்தானே கேக்கறாங்க," என்றார்.

அப்பா கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "இல்லம்மா," என்றார். "இன்னிக்கு இல்ல. நீங்க வந்தீங்களே, அன்னிக்கும் இல்ல."

"அன்னிக்கு ஆச்சுன்னு சொன்னீங்களே?"

"நீங்க வந்த ஆளு. வந்த ஆளு கிட்ட வேற என்னம்மா சொல்றது?"

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பிறகு வரிசையைப் பார்த்து ஒவ்வொருவராகக் கேட்டார். இந்தமுறை சாப்ட்டாச்சா என்று கேட்கவில்லை. கடைசியாக மையத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. சாம்பார் என்றார் ஒருவர். பூசணிக்காய்க் கூட்டு என்றார் இன்னொருவர். அது ஆடி மாசத்துக்கு முந்தி என்று மூன்றாமவர் திருத்தினார். அதிலேயே ஒரு சின்னச் சண்டை வந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்," என்றார் அதிகாரி என்னிடம், மெல்லிய குரலில். அன்றைக்கே அடுப்பைத் தொட்டுப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு நாக்குவரை வந்தது. அவர் கண் கலங்கியிருந்ததால் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காக இன்றைக்கும் ஒரு பக்கம் வருத்தம்தான். உதவியாளரை அனுப்பி எல்லாருக்கும் தயிர்சாதப் பொட்டலம் வாங்கிவரச் சொன்னார், தன் செலவில். அப்பா கடைசிப் பொட்டலம் வந்து சேரும் வரை தன்னுடையதைப் பிரிக்கவில்லை. நான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி திருத்திய அறிக்கை அனுப்பினார். அனுப்பினார் என்பதை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது மேலே இருக்கிறது. மின்விசிறிக்கு மேலே எங்கோ. இதை எழுதும் இன்றுவரை அடுப்பு எரியவில்லை. வருகிறது என்கிறார்கள். பொதுத்தேர்வும் வந்துகொண்டிருக்கிறது.

நடுவில் ஒரு மாற்றம் மட்டும் ஏற்பட்டது. அப்பாவுக்கு அந்த வார்த்தை பழகிவிட்டது. இப்போது யார் கேட்டாலும் இல்லை என்கிறார். ஏனாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டப வாசலில் மனைவியின் அத்தை, "என்ன சம்பந்தி, வீட்டுல காலையில டிபன் ஆச்சா?" என்று கேட்டார். "இல்லம்மா," என்றார் அப்பா பளிச்சென்று. உண்மைதான், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவரை அவசரமாகக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தோம். அந்த அத்தை என் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வையை அவள் இன்னும் மறக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, "ஊரெல்லாம் நான் சோறே போடறதில்லன்னு நினைச்சுக்கினு இருக்கும். இதைச் சொல்லிக்குடுத்தது நீங்கதான்," என்றாள். அப்பா முன் இருக்கையில் ஒன்றும் கேட்காதவர்போல உட்கார்ந்திருந்தார்.

நேற்று இடைவேளையில் கைபேசியை எடுத்தேன். வரிசை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் நான் என்ன சாப்ட்டே என்றுதான் கேட்கிறேன். அப்படிக் கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் இல்லபா," என்றார். பின்னால் கேரம் காய் அடிபடும் சத்தமும், முசரவாக்கத்து அம்மா யாரையோ அதட்டும் சத்தமும் கேட்டன. "குழந்தை வந்துதான் டப்பாவைத் திறக்கணும். இன்னும் வரல. டெஸ்ட்டு இருக்குதுன்னு சொல்லிச்சு. வந்துடும். நாங்க உட்காந்துக்கினுதான் இருக்கறோம்."

மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றார்.

எனக்கு முன்னால் நின்றவர் நகர்ந்துவிட்டார். பரிமாறுபவர் கரண்டியோடு என் தட்டுக்காகக் காத்திருந்தார். பின்னால் இருப்பவரை முன்னே போகச் சொல்லிவிட்டு, மகளின் பள்ளி எண்ணைத் தேடினேன். தேர்வறையிலிருந்து அவளைக் கூப்பிடச் சொல்வதா, வேண்டாமா என்று தெரியாமல், எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.